நீதித்துறை ஆணையத்தைச் சீர்திருத்த ஐந்தாண்டுத் திட்டம்: முதல் அத்தியாயம் எதுவாக இருக்க வேண்டும்?

திருமாறன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொது நிர்வாகம் கற்பிக்கிறேன். சட்ட மாணவர்களுக்கு ஒரு பயிலரங்கம் நடத்தப்போகிறோம். கற்பனை நாடு ஒன்றின் தேசிய நீதித்துறை ஆணையத்தைச் சீர்திருத்த ஐந்தாண்டுத் திட்டம் எழுத வேண்டும். நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது, பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுங்கு நடவடிக்கை, பயிற்சி, நிதி எல்லாம் அந்த ஆணையத்தின் பொறுப்பு என்று வைத்துக்கொள்கிறோம்.

முன்னோட்டமாகச் சில குழுக்களை எழுதச் சொன்னேன். வந்த வரைவுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் தொலைநோக்கும் விழுமியங்களும். அடுத்து ஆணையத்தில் எத்தனை பேர், அவர்களில் நீதிபதிகள் எத்தனை பேர், வெளியார் எத்தனை பேர் என்ற கணக்கு. அதன் பிறகு பயிற்சி, கணினிமயமாக்கல். பழைய ஆணையம் கலைந்து புதியது அமரும்வரை காலியிடங்களை நிரப்புவது யார், பாதியில் நிற்கும் விசாரணைகளின் கதி என்ன என்று ஒரு வரிகூட எதிலும் இல்லை.

நான் படித்தவரையில் பல நாடுகள் சறுக்கியது இந்த இடைக்காலத்தில்தான். ஆகவே மாற்றக் காலமே முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும், இருக்கைக் கணக்கு அதற்குப் பின்னால் வரட்டும் என்பது என் நிலைப்பாடு. மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். மாணவர்களுக்கு இந்த இழையையே வாசிக்கக் கொடுக்க எண்ணம்.

நிலவரசி எழுதியது:

மறுக்கிறேன், ஐயா. நான் வழக்கறிஞர். யார் அமர்கிறார்கள் என்பதைத் தீர்க்காமல் மற்றதைப் பேசுவது வீண்.

போலந்தைப் பாருங்கள். அங்கே தேசிய நீதித்துறைப் பேரவையில் 25 பேர். அவர்களில் 15 பேர் நீதிபதிகள், சக நீதிபதிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர்கள். 2017 டிசம்பரில் வந்த சட்டம் அந்த 15 பேரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நாடாளுமன்றத்தின் கீழவைக்குக் கொடுத்தது. இருந்தவர்களின் பதவிக்காலத்தையும் பாதியில் வெட்டியது. இருக்கைகளின் எண்ணிக்கை மாறவில்லை, பேரவையின் பெயர் மாறவில்லை, அதிகாரங்களும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. மாறியது தேர்ந்தெடுக்கும் கை மட்டும். 2018 செப்டம்பரில் ஐரோப்பிய நீதித்துறைப் பேரவைகளின் கூட்டமைப்பு அதை இடைநீக்கம் செய்தது. 2021 அக்டோபரில் வெளியேற்றியே விட்டது.

அந்தப் பேரவையின் வழியாக நியமனம் பெற்ற நீதிபதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த தீர்ப்புகளை நம்பித் திருமணம் முறித்தவர்கள், சொத்துப் பிரித்தவர்கள், சிறைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அரசு மாறிய பிறகும் அந்த முடிச்சை அவிழ்ப்பது எவ்வளவு கடினமாக இருக்கிறது பாருங்கள். ஒரே ஒரு பிரிவு தவறிப்போனதன் விலை இது. இதைப் பின்னால் தள்ளலாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கயல் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். இந்தியாவின் கொலீஜியத்தை இப்படிப்பட்ட ஆணையமாகக் கருதலாமா?

நிலவரசி எழுதியது:

ஒரு பகுதி வேலையை மட்டும் செய்கிறது, கயல். உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் பெயர்களைப் பரிந்துரைக்கிறது, இடமாற்றங்களையும் பரிந்துரைக்கிறது. அரசியலமைப்பின் வாசகத்தில் அது இல்லை. 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பிறந்து, 1998இல், தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் நால்வருமாக ஐந்து பேர் என்ற வடிவத்தைப் பெற்றது. கீழமை நீதிமன்றங்களின் கட்டுப்பாடு 235ஆவது பிரிவின்படி அந்தந்த உயர் நீதிமன்றத்திடம். எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் தேசிய அமைப்பு அங்கே கிடையாது.

பழம்பதிவாளர் எழுதியது:

நீதிமன்ற நிர்வாகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே உறுப்பினர்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். ஆணைய உறுப்பினர்கள் அவ்வப்போது கூடுவார்கள், கையெழுத்திடுவார்கள், கலைவார்கள். அன்றாடம் ஆணையமாக இருப்பது செயலகம்.

ஒரு நீதிபதி மீது வரும் புகார் எப்படி நகர்கிறது என்பதைச் சொல்கிறேன். தபால் பிரிவில் ஓர் எழுத்தர் உறையைப் பிரிக்கிறார். வருகின்றவற்றில் பெரும்பங்கு "தீர்ப்பு தவறு" என்று சொல்பவை. அவை மேல்முறையீட்டில் சொல்ல வேண்டியவை, ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவை அல்ல. ஆனால் அப்படிப்பட்ட கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், "எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீதிபதியின் உறவினர்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் கவனிப்பதும் கவனிக்காமல் விடுவதும் அந்த எழுத்தர் கையில். எப்படிப் பிரிக்க வேண்டும் என்று அவருக்கு எழுத்தில் எந்த விதியும் தரப்படுவதில்லை. அவருடைய மேலதிகாரி "கோப்பில் வைக்கவும்" என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. புகார்தாரருக்குப் பதிலும் போகாது.

அந்த வரி கவனிக்கப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சம்பந்தப்பட்ட நீதிபதியின் விளக்கம் கேட்கப்படும். கடிதம் அவருடைய முதன்மை நீதிபதி வழியாகப் போய் அவர் வழியாகவே திரும்பும். அந்த முதன்மை நீதிபதிதான் இவருடைய ஆண்டு இரகசியக் குறிப்பையும் எழுதுபவர். இருவருக்கும் நல்லுறவு என்றால் ஒரு விதமாகவும் பகை என்றால் வேறு விதமாகவும் குறிப்பு வரும். கடைசியில் முடிவு ஏதும் ஆகாமல் கோப்பு கிடக்கும்போது, பதவி உயர்வுப் பிரிவு அதே நீதிபதியின் பெயரைப் பட்டியலில் ஏற்றியிருக்கும். புகார்ப் பதிவேடு ஒரு பிரிவில், பணிப் பதிவேடு இன்னொரு பிரிவில். ஒன்றை ஒன்று பார்ப்பதே இல்லை.

இந்த இடத்தில் நல்ல உறுப்பினர்கள் இருபது பேரைக் கொண்டுவந்து அமர்த்தினாலும் அவர்கள் மேசைக்கு வருவது செயலகம் அனுப்புவது மட்டும்தான். செயலகத்தை யார் நியமிக்கிறார்கள், எத்தனை ஆண்டு இருப்பார்கள், அமைச்சகத்திலிருந்து இரவல் வந்தவர்களா, ஆணையத்துக்கே உரியவர்களா? என் கணக்கில் முதல் அத்தியாயம் இதுதான்.

தாமிரா எழுதியது:

இலங்கை அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் நீதிச்சேவை ஆணைக்குழுவில் மூன்று பேர் மட்டும்: பிரதம நீதியரசர், உயர் நீதிமன்ற நீதியரசர்கள் இருவர் (எங்கள் வழக்கில் உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் உச்ச நீதிமன்றம்). கீழ் நீதிமன்றங்களின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை அவர்கள் பொறுப்பு. அந்த இருவரை ஜனாதிபதி நியமிக்கிறார். அதற்கு, உயர் நியமனங்களைச் சரிபார்க்கும் அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டுமா வேண்டாமா என்பதில்தான் நாடு இவ்வளவு காலமும் ஊசலாடியது.

2001இல் 17ஆவது திருத்தம் அந்தப் பேரவையை உருவாக்கியது. 2010இல் 18ஆவது திருத்தம் ஒழித்தது. 2015இல் 19ஆவது மீட்டது. 2020இல் 20ஆவது மீண்டும் பல்லைப் பிடுங்கியது. 2022இல் 21ஆவது மறுபடியும் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறையும் இருக்கைக் கணக்குப் பற்றித்தான் பாராளுமன்றத்தில் வாக்குவாதம்.

அதைவிட முக்கியமான ஒன்று 2005இல் நடந்தது. முதலாவது பேரவையின் பதவிக்காலம் அந்த ஆண்டு முடிந்தது. அடுத்த பேரவை அமைக்கப்படவே இல்லை. யாரும் சட்டத்தை நீக்கவில்லை. பெயர்களை நிரப்பாமல் விட்டார்கள், அவ்வளவுதான். சட்டப் புத்தகத்தில் 17ஆவது திருத்தம் முழுமையாக இருந்தது, பேரவை இல்லை. திருமாறன் சேர் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். கலைப்பதற்குச் சட்டம் வேண்டும். பட்டினி போடுவதற்கு எதுவும் வேண்டாம்.

திருமாறன் எழுதியது:

அதையேதான் சொல்ல வந்தேன், தாமிரா. ஸ்பெயினில் இதே கதை இன்னும் நீளமாக நடந்தது. அங்கே நீதித்துறைப் பொதுப் பேரவையின் 20 உறுப்பினர்களை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஐந்தில் மூன்று பங்கு பெரும்பான்மையுடன் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய கட்சிகள் இரண்டும் உடன்பட்டால்தான் நடக்கும். 2018 டிசம்பரில் பதவிக்காலம் முடிந்தது. உடன்பாடு வந்தது 2024 ஜூனில், அதுவும் ஐரோப்பிய ஆணையத்தின் நடுநிலையில். ஐந்தரை ஆண்டுகள், ஐந்தாண்டுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை இன்னொரு முழுப் பதவிக்காலத்தையும் தாண்டி நாற்காலியில் இருந்தது.

நிலவரசி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். போலந்தில் தேர்ந்தெடுக்கும் கையை மாற்றியதுதான் கேடு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் உக்ரைனைப் பாருங்கள். உயர் நீதிப் பேரவையில் 21 பேர். நீதிபதிகள் மாநாடு 10 பேரைத் தேர்ந்தெடுக்கிறது. அதிபர், நாடாளுமன்றம், வழக்கறிஞர்கள், அரசு வழக்குத் தொடுநர்கள், சட்டக் கல்வியாளர்கள் ஆகிய ஒவ்வொரு தரப்பிலிருந்தும் இருவர். உச்ச நீதிமன்றத் தலைவர் பதவி வழி உறுப்பினர். தாளில் பார்த்தால் குறை சொல்ல முடியாத கணக்கு. ஆனாலும் என்ன நடந்தது?

நீதிபதிகளைத் தேர்வு செய்து தகுதி பார்க்கும் ஆணையம் அங்கே தனியாக இருக்கிறது. 2019 நவம்பரில் ஒரு சட்டம் அதன் உறுப்பினர்களின் பதவியை உடனே முடித்துவைத்தது. புதிய உறுப்பினர்கள் அமர்ந்தது 2023 ஜூனில். இடையில் மூன்றரை ஆண்டுகள் புதிய நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்க ஆளில்லை. ஓய்வு பெறுகிறவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்து, 2021இல் உயர் நீதிப் பேரவை உறுப்பினர்களின் நேர்மையைச் சோதிக்க ஒரு நெறிமுறைக் குழு. ஆறு பேரில் மூவர் வெளிநாட்டு நிபுணர்கள். நல்ல நோக்கம்தான். சோதனை நடந்துகொண்டிருந்தபோது, 2022 பிப்ரவரி 22 அன்று பத்து உறுப்பினர்கள் ஒரே நாளில் பதவி விலகினார்கள். பேரவை இயங்கக் குறைந்தது 15 பேர் வேண்டும். அன்றோடு பேரவை முடங்கியது. இரண்டு நாள் கழித்துப் போர் வெடித்தது. 2023 ஜனவரியில் நீதிபதிகள் மாநாடு எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் பேரவைக்கு மறுபடியும் உயிர் வந்தது.

பழம்பதிவாளர் ஐயாவுக்காக இதையும் சேர்க்கிறேன். அதே 2021இல் வந்த சட்டம், புகார்களை ஆராயும் வேலையைப் பேரவை உறுப்பினர்களிடமிருந்து எடுத்து, ஒழுங்கு ஆய்வாளர்கள் என்ற புதிய பணிக்குக் கொடுத்தது. அந்த ஆய்வாளர்களில் ஒருவர்கூட அன்றைக்கு நியமிக்கப்பட்டிருக்கவில்லை. 2021 ஆகஸ்டில் நின்ற ஒழுங்கு நடவடிக்கை 2023 நவம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. தவறு செய்த நீதிபதிகளைப் பிடிப்பதற்காகக் கொண்டுவந்த சட்டம், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் யாரையும் பிடிக்க முடியாதபடி செய்துவிட்டது. இருக்கைக் கணக்கில் பிழையில்லை. வரிசையில் பிழை.

இளவழுதி எழுதியது:

ஐயா, உங்கள் வாதம் எனக்குக் கவலை தருகிறது. இடைக்காலம், இடைக்காலம் என்று அஞ்சிக்கொண்டே இருந்தால் ஊழலில் ஊறிய அமைப்பு அப்படியே நீடிக்கும். அதற்கு வேண்டியதும் அதுதான். "மெதுவாகச் செய்யுங்கள், ஒழுங்காகச் செய்யுங்கள்" என்று முதலில் சொல்கிறவர்கள் எப்போதுமே உள்ளே இருக்கும் ஆட்கள்தான். லஞ்சம் கொடுத்துப் பழகிய வழக்காடிக்கு ஐந்தாண்டுத் திட்டம் எழுதிக் காட்டி என்ன பயன்?

கென்யாவில் துணிந்து செய்தார்கள். 2010 அரசியலமைப்புக்குப் பிறகு, பணியில் இருந்த ஒவ்வொரு நீதிபதியையும் தனி வாரியம் ஒன்று விசாரித்தது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் நால்வரைத் தகுதியற்றவர்கள் என்று அறிவித்தது. தலைமை நீதிபதிப் பதவிக்கான நேர்காணலை ஆணையம் பொதுவில் நடத்தியது. மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்த வேகம் இல்லாமல் சீர்திருத்தம் கிடையாது.

திருமாறன் எழுதியது:

கென்யா என் பக்கத்துச் சாட்சி, இளவழுதி. அந்த வாரியத்துக்குத் தனிச் சட்டம் இருந்தது. நீதிச்சேவை ஆணையம் ஒரு பக்கம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, வாரியம் மறுபக்கம் சோதித்தது. நீதிமன்றங்கள் மூடப்படவில்லை, நியமனமும் நிற்கவில்லை. 2012 முதல் 2016 வரைக்கான மாற்றத் திட்டத்தையும் அதே நேரத்தில் வெளியிட்டார்கள். வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. புதிய நாற்காலி வந்து சேரும் முன் பழையதை எரிக்காதீர்கள் என்கிறேன்.

நிலவரசி எழுதியது:

கென்யாவைப் பற்றிப் பேசினால் முழுவதும் பேசுவோம். 2019இல் அதே ஆணையம் 41 பேரை நீதிபதிகளாகப் பரிந்துரைத்தது. அதிபர் நியமிக்க மறுத்தார். அரசியலமைப்பின்படி அவருக்கு அந்த விருப்புரிமையே இல்லை என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் அசையவில்லை. ஒருவர் காத்திருந்த காலத்திலேயே இறந்துபோனார். 2021 ஜூனில் 34 பேருக்கு நியமனம் கிடைத்தது. ஆறு பேர் விடுபட்டார்கள். 2022 செப்டம்பரில் அடுத்த அதிபர் வந்த பிறகே அவர்களுக்கு வழி பிறந்தது.

பொதுவில் நேர்காணல் நடத்தி, மதிப்பெண் போட்டு, எல்லாம் முறைப்படி செய்த ஆணையம் அது. கடைசிக் கையெழுத்துக்குக் காலக்கெடு இல்லாததால் மூன்று ஆண்டுகள் போயின. திட்டத்தில் இதை எழுதுங்கள்: பரிந்துரை போன குறிப்பிட்ட நாட்களுக்குள் நியமன ஆணை வராவிட்டால் நியமனம் ஆனதாகவே கொள்ளப்படும். திருப்பி அனுப்பினால் காரணம் எழுத்தில் வர வேண்டும், ஒரு முறைதான் திருப்பலாம்.

இந்தியாவிலும் இதே நோய்தான். கொலீஜியம் மறுபடி வலியுறுத்திய பெயர்களை அரசு ஏற்க வேண்டும் என்பது சட்ட நிலை. எத்தனை நாட்களுக்குள் என்பதை அரசியலமைப்பு சொல்லவில்லை. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நீதிபதி நியமனத்துக்கான நடைமுறைக் குறிப்பாணையைத் திருத்தச் சொன்னது. வெளிப்படைத்தன்மை, தகுதி அளவுகோல், செயலகம், புகார்களைக் கையாளும் முறை என முக்கியத் தலைப்புகளையும் அதுவே கொடுத்தது. அரசும் நீதிமன்றமும் கடிதம் எழுதிக்கொண்டே பல ஆண்டுகள் ஓட்டிவிட்டன.

பழம்பதிவாளர் எழுதியது:

செயலகம் என்ற சொல் அந்த 2015ஆம் ஆண்டு உத்தரவிலேயே இருப்பதைக் கவனியுங்கள். தலைமை நீதிபதிகளின் பதவிக்காலம் அங்கே மிகவும் குறுகியது. 2022இல் நீதிபதி லலித் 74 நாட்கள்தான் தலைமை நீதிபதியாக இருந்தார். ஐந்தாண்டுத் திட்டத்தை அப்படிப்பட்ட நாற்காலியில் கட்ட முடியாது. தலைவர் மாறினாலும் கோப்பு மாறாத ஓர் அலுவலகத்தில்தான் கட்ட வேண்டும்.

இனி, மாணவர்கள் கட்டாயம் பிழை செய்யப்போகிற இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அளவுகோல்கள். எந்தத் திட்ட ஆவணத்தைப் பிரித்தாலும் கட்டம் கட்டமாக இப்படி இருக்கும். குறிக்கோள்: ஒழுங்கு நடவடிக்கையை விரைவுபடுத்துதல். செயல்: பணியாளர்களுக்குப் பயிற்சி. அளவுகோல்: நடத்தப்பட்ட பயிலரங்குகளின் எண்ணிக்கை. பொறுப்பு: செயலகம். காலம்: தொடர்ச்சியாக. ஐந்து ஆண்டுகள் கழித்து எல்லாப் பயிலரங்குகளும் நடந்திருக்கும், அளவுகோல் நூற்றுக்கு நூறு காட்டும். புகார் அதே அலமாரியில் இருக்கும். "தொடர்ச்சியாக" என்று காலக் கட்டத்தில் எழுதியிருந்தால் யாரும் செய்யப்போவதில்லை என்று பொருள். "செயலகம்" என்று மட்டும் பொறுப்புக் கட்டத்தில் எழுதியிருந்தால் யாரையும் கேட்க முடியாது என்று பொருள். பதவியின் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

அளக்க வேண்டியது வேறு. புகார் பதிவான நாளிலிருந்து முதல் முடிவு வரை எத்தனை நாட்கள்? காரணம் எழுதி முடிக்கப்பட்டவை எத்தனை, காரணமின்றி முடிக்கப்பட்டவை எத்தனை? ஆறு மாதத்துக்கு மேல் அசையாதவை எத்தனை? நாட்களை மட்டும் அளந்தால் எழுத்தர்கள் எல்லாப் புகாரையும் தள்ளுபடி செய்து வேகம் காட்டுவார்கள். ஆகவே தள்ளுபடியானவற்றில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, வெளியார் இருவர் மறுபடி படித்துப் பார்க்க வேண்டும்.

காலியிடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நீதிபதி எந்த நாளில் ஓய்வு பெறுவார் என்பது அவர் பதவியேற்கும் அன்றே தெரியும். மரணமும் ராஜினாமாவும் தவிர மற்ற எல்லாக் காலியிடங்களும் பல ஆண்டுகளுக்கு முன்பே நாள் குறிக்கப்பட்டவை. இருந்தும் இருக்கை காலியான பிறகுதான் தேர்வு அறிவிப்பைத் தட்டச்சு செய்யத் தொடங்குகிறோம். ஐந்தாண்டு ஓய்வுப் பட்டியலைத் திட்டத்தின் முதல் இணைப்பாகப் போடுங்கள். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், நிதி வேண்டாம், யாருடைய ஒப்புதலும் வேண்டாம். ஒரு மேசை, ஒரு பதிவேடு போதும்.

கயல் எழுதியது:

இந்த ஓய்வுப் பட்டியல் யோசனை மிகவும் பிடித்திருக்கிறது. நிதி பற்றி யாரும் சொல்லவில்லையே?

திருமாறன் எழுதியது:

கென்யாவின் 2010 அரசியலமைப்பே நீதித்துறைக்குத் தனி நிதியம் வேண்டும் என்றது. அது செயல்பாட்டுக்கு வந்தது 2022இல். அதுவரை பணம் கருவூலத்தின் தயவில். தலைப்பு எழுதுவதற்கும் பணம் கைக்கு வருவதற்கும் இடையே அவ்வளவு தூரம். திட்டத்தின் ஒவ்வொரு செயலுக்கும் எதிரே பணம் எந்த ஆண்டு வரவு செலவில் கேட்கப்படுகிறது என்று எழுதினால் போதும். நிதி இல்லாத செயல் தானாகவே வெளியே தெரியும்.

இளவழுதி எழுதியது:

வெளியார் பற்றிப் பேசுவோமா? பழம்பதிவாளர் ஐயா தள்ளுபடிகளை வெளியார் படிக்க வேண்டும் என்கிறார். அப்படியானால் ஆணையத்திலேயே ஏன் வெளியார் பெரும்பான்மையாக இருக்கக் கூடாது? தங்கள் மீதான புகாரைத் தாங்களே விசாரிப்பது எந்தத் தொழிலில் நியாயம்? இங்கிலாந்தில் 2006 முதல் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆணையத்துக்குச் சட்டத் துறை சாராத ஒருவர்தான் தலைவராக இருக்க முடியும். வானம் இடிந்து விழவில்லை.

தென்னாப்பிரிக்காவில் அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதிகளே சேர்ந்து 2008இல் ஒரு மூத்த நீதிபதி மீது புகார் கொடுத்தார்கள். வழக்கு ஒன்றில் தங்கள் முடிவைத் திருப்ப முயன்றார் என்பது குற்றச்சாட்டு. அவர் பதவி நீக்கப்பட்டது 2024இல். பதினாறு ஆண்டுகள்! நாட்டின் மிக உயர்ந்த நீதிபதிகள் கொடுத்த புகாருக்கே இந்தக் கதி என்றால் சாதாரண வழக்காடியின் புகார் என்ன ஆகும்?

நிலவரசி எழுதியது:

உங்கள் கோபம் எனக்கும் உண்டு, தம்பி. ஆனால் தென்னாப்பிரிக்காவின் ஆணையத்தில் நீதிபதிகள் பெரும்பான்மை இல்லை. வழக்கமான 23 பேரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலிருந்து வரும் பத்துப் பேர் நியமன வேலைக்கு மட்டும்தான் அமர்வார்கள்; மீதி 13 பேரிலும் பதவி வழி வரும் நீதிபதிகள் மூவர்தான், அதிபர் நியமிப்பவர்கள் நால்வர். வெளியார் நிறைந்திருந்தும் பதினாறு ஆண்டுகள் ஆயின என்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. இடையிடையே வழக்கு, மேல்முறையீடு, தீர்ப்பாயம் அமைப்பதில் தாமதம். நிலைக்கு நிலை காலக்கெடு இல்லை.

வெளியார் வேண்டும். யார் அந்த வெளியார் என்று எழுதாமல் விடுவதுதான் ஆபத்து. இந்தியாவில் கொலீஜியத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட தேசிய நீதிபதிகள் நியமன ஆணையத்தில் ஆறு பேர். இந்தியத் தலைமை நீதிபதி, அடுத்த மூத்த நீதிபதிகள் இருவர், சட்ட அமைச்சர், "தலைசிறந்த நபர்கள்" இருவர். தலைசிறந்தவர் என்றால் யார் என்று எந்த வரையறையும் இல்லை. ஏதாவது இரண்டு பேர் எதிர்த்தால் பரிந்துரை விழுந்துவிடும். 2015 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அதைச் செல்லாது என்றது. தீர்ப்பு சரியா தவறா என்று இன்றும் வாதாடுகிறோம். நீதிபதி செலமேஸ்வரின் மாறுபட்ட தீர்ப்பை நானே மாணவர்களுக்குப் பரிந்துரைப்பேன். ஆனால் அந்த வரையறையை ஒழுங்காக எழுதியிருந்தால் வாதத்தின் போக்கே வேறாக இருந்திருக்கும்.

ஐரோப்பியப் பேரவையின் 2010ஆம் ஆண்டுப் பரிந்துரை, உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதவர்கள் சக நீதிபதிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட நீதிபதிகளாக இருக்க வேண்டும் என்கிறது. நான் அதோடு நிற்பேன். நியமனத்தில் பாதி நீதிபதிகள், ஒழுங்கு நடவடிக்கையில் வெளியாருக்குக் கூடுதல் இடம். இரண்டு வேலைக்கும் ஒரே அமர்வு வேண்டாம்.

இளவழுதி எழுதியது:

ஒழுங்கு நடவடிக்கையைத் தனி அமர்வாகப் பிரிப்பதை ஏற்கிறேன். பெரும்பான்மை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. மெக்சிகோவில் 2024இல் நீதித்துறைப் பேரவையையே ஒழித்து, நீதிபதிகளை மக்கள் வாக்குக்கு விட்ட அளவுக்கு வெறுப்பு முற்றியது எப்படி என்று யோசியுங்கள். உள்ளே இருப்பவர்கள் தாங்களாகத் திருந்தாதபோது அரசியல்வாதிக்கு அது வாய்ப்பாகிவிடுகிறது.

தாமிரா எழுதியது:

2025 ஜூனில் நடந்த அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 13 சதவீதம்தான். கோபம் எல்லோருக்கும் இருந்தது. நூற்றுக்கணக்கான பெயர்களைப் படித்துப் பார்க்கும் அவகாசம் யாருக்கும் இல்லை.

திருமாறன் சேர், மாற்றக் கால அத்தியாயத்தை நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று வாசகமாகவே காட்டுங்களேன்.

திருமாறன் எழுதியது:

வரைவு இது: "பதவிக்காலம் முடிந்த உறுப்பினர், தமக்கு அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை பதவியில் தொடர்வார். உறுப்பினர்களின் பதவிக்காலங்கள் ஒரே நாளில் முடியாதவாறு, முதல் நியமனத்தின்போது மூன்றில் ஒரு பங்கினருக்கு இரண்டு ஆண்டு, அடுத்த பங்கினருக்கு நான்கு ஆண்டு, மீதிப் பேருக்கு ஆறு ஆண்டு எனக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படும். ஓர் அதிகாரம் புதிய அலுவலருக்கு மாறும் நாள், அந்த அலுவலர்களில் குறைந்தது பாதிப் பேர் பணியேற்ற நாளாகவே இருக்கும். அதுவரை பழைய முறை தொடரும்."

கடைசி வாக்கியம் உக்ரைனின் ஆய்வாளர்களை மனத்தில் வைத்து எழுதியது.

நிலவரசி எழுதியது:

முதல் வாக்கியத்தில் எனக்கு உடன்பாடில்லை. "அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை தொடர்வார்" என்று எழுதினால் ஸ்பெயின்தான் நடக்கும். பழைய பேரவையில் தங்களுக்குச் சாதகமான பெரும்பான்மை இருக்கும் கட்சிக்கு உடன்பாட்டுக்கு வர என்ன அவசரம்?

தாமிரா எழுதியது:

அதைத் தடுக்கத்தானே ஸ்பெயினில் 2021இல் காபந்துப் பேரவை உயர் நியமனங்கள் செய்யக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். கட்சிகள் அசையவில்லை. உச்ச நீதிமன்ற இருக்கைகள்தான் ஒவ்வொன்றாகக் காலியாயின. தண்டனை போய்ச் சேர்ந்தது வழக்காடிகளுக்கு.

பழம்பதிவாளர் எழுதியது:

இரண்டுக்கும் நடுவே வழி உண்டு. தொடரட்டும், ஆனால் நாள் குறித்து. ஆறு மாதங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டிய தரப்பு தேர்ந்தெடுக்காவிட்டால், அந்த இருக்கை வேறு கைக்கு மாற வேண்டும். நாடாளுமன்றம் நிரப்பாத இடத்தை, முன்கூட்டியே வெளியிடப்பட்ட தகுதிப் பட்டியலிலிருந்து குலுக்கல் மூலம் நிரப்பலாம். நீதிபதிகள் மாநாடு நிரப்பாத இடத்தையும் அப்படியே. பிடிவாதம் பிடிப்பவர் தம் பங்கை இழப்பார் என்றால் ஐந்தாம் மாதமே பெயர் வந்துவிடும். காபந்துக் காலத்தில் சாதாரண நியமனங்களும் ஒழுங்கு நடவடிக்கைகளும் நடக்கட்டும். நீதிமன்றத் தலைமைப் பதவிகளை மட்டும் தற்காலிகப் பொறுப்பாக வைத்துக்கொள்ளலாம்.

நிலவரசி எழுதியது:

குலுக்கல் என்பதை இரண்டு முறை எழுதிவிட்டீர்கள், ஐயா. தகுதிப் பட்டியலைத் தயாரிப்பது யார் என்பதில் மறுபடியும் என் கேள்விக்கே வந்து நிற்கிறோம். இருக்கை மாறும் விதியை ஏற்கிறேன். பட்டியலைத் தயாரிக்கும் கையைத் திட்டத்தில் அல்ல, அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும். இல்லையென்றால் அடுத்த சாதாரணப் பெரும்பான்மை அதை மாற்றிவிடும்.

திருமாறன் எழுதியது:

இரண்டு வரைவுகளையும் மாணவர்களிடம் கொடுக்கிறேன். ஒன்று பழம்பதிவாளர் ஐயாவின் இருக்கை மாறும் விதியுடன், மற்றொன்று அது இல்லாமல். தகுதிப் பட்டியலை யார் தயாரிப்பது என்பதைத் தனிக் கேள்வியாக வைக்கிறேன். எந்த வாசகம் அரசியலமைப்பில், எது சட்டத்தில், எது திட்டத்தில் என்று பிரிக்கச் சொல்கிறேன். அதோடு ஐந்தாண்டு ஓய்வுப் பட்டியல் முதல் இணைப்பு. நிலவரசி அம்மா, இறுதி நாளன்று எதிர்த்தரப்பில் நின்று கேள்வி கேட்க வருவீர்களா?

நிலவரசி எழுதியது:

வருகிறேன். முதல் கேள்வியை இப்போதே எழுதிவைக்கிறேன், தயாராகட்டும்: உங்கள் ஆணையத்தில் பத்துப் பேர் ஒரே மாலையில் விலகினால், மறுநாள் காலை பத்து மணிக்கு நீதிபதி இல்லாத நீதிமன்றத்துக்கு ஒருவரை அனுப்பும் ஆணையில் யார் கையெழுத்திடுவார்? பக்க எண்ணோடு காட்டச் சொல்லுங்கள்.